கம்ப்யூட்டர் திரையில் ஆழம் தெரிய: 3டி கண்ணாடி, ஹெட் டிராக்கிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு பிளானும் 3டி எலிவேஷனும் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு வீட்டைத் திரையில் ஆழத்தோடு காட்ட முடியும் என்று பார்த்துவிட்டுப் போனவர்கள், இந்தப் பக்கத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள், சிவில் இன்ஜினியர்கள், விமானம் ஓட்டும் கேம் விளையாடுபவர்கள் எல்லாருக்கும் பொதுவாகப் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

திரை தட்டையாக இருக்கும்போது ஆழம் எப்படித் தெரியும்?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது. நம் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறுபட்ட படங்களைப் பார்க்கின்றன. மூளை அந்த வேறுபாட்டை ஆழமாகப் புரிந்துகொள்கிறது. இதை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டை வைத்த ஒரு கருவியால் காட்டினார். இன்று நாம் போடும் எல்லா 3டி கண்ணாடியும் அதே வேலையைத்தான் செய்கிறது: இடது கண்ணுக்கு இடது படம், வலது கண்ணுக்கு வலது படம்.

இரண்டாவது வழி தலையை நகர்த்துவது. கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்துச் சவுக்குத்தோப்பு வேகமாக ஓடும், தூரத்துப் பனைமரம் மெதுவாக நகரும். ஒரே கண்தான் திறந்திருக்கிறது, ஆனாலும் எது கிட்டே, எது தூரம் என்பதில் சந்தேகமே வராது. பள்ளிக்கூடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தது இதுதான். கேமராவோ சென்சாரோ உங்கள் தலை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல, அதற்கேற்ப கம்ப்யூட்டர் படத்தை மாற்றி வரைவதைத்தான் ஹெட் டிராக்கிங் என்கிறோம்.

சரி, முதலில் எந்தக் கண்ணாடி வாங்கணும்?

முதலில் கண்ணாடி வேண்டாம். ஹெட் டிராக்கிங்கில் ஆரம்பியுங்கள். மேஜை மீது இருக்கும் சாதாரண மானிட்டருக்கு இதுதான் என் உறுதியான கருத்து.

காரணம் இருக்கிறது. 1993-இல் காலின் வேர், கெவின் ஆர்தர், கெலாக் பூத் மூவரும் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இரண்டு மரங்களைத் திரையில் காட்டி, 'இந்த இலை எந்த மரத்தைச் சேர்ந்தது?' என்று கேட்டார்கள். ஸ்டீரியோ, அதாவது இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம், மட்டும் கொடுத்தபோது தவறுகள் ஓரளவுக்குக் குறைந்தன. தலையசைவுக்கு ஏற்ப படம் மாறியபோது மிக அதிகமாகக் குறைந்தன. பார்த்தவர்களும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் தலையசைவையே தேர்ந்தெடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து வேரும் கிளென் ஃபிராங்கும் சிக்கலான வலைப்பின்னல் படங்களை வைத்து மறுபடி சோதித்தார்கள். இரண்டும் சேர்ந்திருந்தால், தட்டையான படத்தில் புரிந்துகொள்வதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிய வலையைப் புரிந்துகொள்ள முடிகிறது என்று தெரிந்தது.

ஆக, இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்றுதான் முடியும் என்றால் தலையசைவு. அதற்கு வேண்டிய வெப்கேம் அநேகமாக உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆசையோடு காசு சேர்த்துக் கண்ணாடி வாங்கிப் போகிற மாணவர்கள் ஒரு வாரத்தில் அதை டிராயரில் போட்டுவிடுகிறார்கள்.

அண்ணா, ஃபிளைட் சிமுலேட்டருக்குத் தொப்பியில் மாட்டுவாங்களே, அதுவும் ஹெட் டிராக்கிங்தானே?

அதுவும்தான், ஆனால் அதன் வேலை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விமானம், லாரி ஓட்டும் கேம்களில் நீங்கள் தலையைக் கொஞ்சம் திருப்பினால் கேமுக்குள் இருக்கும் ஓட்டுநர் நிறையத் திரும்புவார். நீங்கள் 15 பாகை திருப்பினால் அவர் 90 பாகைகூடத் திரும்பலாம். திரை உங்கள் எதிரில்தானே இருக்கிறது, முழுக்கத் திரும்பினால் திரையே கண்ணில் படாது. அதனால்தான் இந்தப் பெருக்கல். 2001-இலிருந்து டிராக்ஐஆர் என்ற கருவி செய்வது இதைத்தான். அக்கம்பக்கம் பார்க்க அருமையான வசதி, ஆனால் ஆழம் தெரியாது.

நான் சொல்லும் இரண்டாவது வகையில் தலை திரும்புவது முக்கியமில்லை, தலை இருக்கும் இடம்தான் முக்கியம். திரையை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வலது பக்கம் நகர்ந்தால் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் அறையின் இடதுச் சுவர் அதிகமாகத் தெரிய வேண்டும். முன்னால் குனிந்தால் அறை இன்னும் அகலமாகத் தெரிய வேண்டும். 2007-இல் ஜானி சங் லீ என்ற ஆராய்ச்சி மாணவர் நிண்டெண்டோ வீ கேம் கருவியின் ரிமோட்டையும் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய இரண்டு இன்ஃப்ராரெட் விளக்குகளையும் வைத்து இதைச் செய்து காட்டிய வீடியோ உலகமெங்கும் பரவியது. யோசனை அதைவிடப் பழையது. இவான் சதர்லேண்ட் 1968-இல் தலையில் மாட்டும் திரை செய்தபோதே தலையசைவைப் பின்தொடரும் ஏற்பாட்டைச் சேர்த்துத்தான் செய்தார்.

அந்த ஜன்னல் கணக்கை எப்படிப் போடுவது?

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கான பதில் இது, மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

24 அங்குல மானிட்டரின் படப்பரப்பு சுமார் 53 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். திரையின் நடுப்புள்ளியைச் சுழியமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண் திரையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியும், நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் வலப்பக்கமாகவும் இருக்கிறது என்று வைப்போம். திரையின் இடது விளிம்பு கண்ணிலிருந்து 36.5 சென்டிமீட்டர் இடப்பக்கம், வலது விளிம்பு 16.5 சென்டிமீட்டர் வலப்பக்கம். இரண்டையும் 60-ஆல் வகுத்தால் இடதுக்கு 0.61, வலதுக்கு 0.275. இந்த எண்களை நியர் பிளேனின் தூரத்தால் பெருக்கி, இடது விளிம்புக்கு மைனஸ் குறி போட்டு, ஓப்பன்ஜிஎல் ஃபிரஸ்டத்துக்குக் கொடுக்க வேண்டும். மேல், கீழ் விளிம்புகளுக்கும் இதே கணக்கு. இடது வலது சமமில்லாமல் வருவதுதான் சரி. இரண்டையும் சமமாக வைத்துவிட்டு கேமராவை மட்டும் நகர்த்தினால் பொருள் திரும்புவதுபோல் தெரியும், ஜன்னல் உணர்வு வராது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, உள்பக்கம் கட்டம் போட்ட ஒரு பெட்டியை வரையுங்கள். பெட்டியின் வாய் திரையின் விளிம்போடு பொருந்த வேண்டும். வலப்பக்கம் சாய்ந்தால் இடதுச் சுவர் விரிய வேண்டும். வலதுச் சுவர் விரிந்தால் எக்ஸ் அச்சின் குறி தலைகீழாக இருக்கிறது. வெப்கேம் மானிட்டரின் மேல் விளிம்பில் உட்கார்ந்திருப்பதையும் மறக்க வேண்டாம். திரையின் நடுவுக்கும் கேமராவுக்கும் இருக்கும் உயர வித்தியாசத்தை ஒய் அச்சில் சரிசெய்யாவிட்டால் எல்லாமே ஒரு மேஜைக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும்.

சாதாரண வெப்கேம் போதுமா? என்ன மென்பொருள்?

போதும். ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அதில் நியூரல்நெட் டிராக்கர் என்று ஒன்று இருக்கிறது. முகத்தில் எதுவும் ஒட்டாமல், வெறும் வெப்கேம் படத்தைப் பார்த்தே தலையின் இடத்தையும் திருப்பத்தையும் கண்டுபிடிக்கும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் யுடிபி வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் போர்ட் 4242-க்கு ஆறு எண்கள் வந்துகொண்டே இருக்கும்: மூன்று நகர்வு சென்டிமீட்டரில், மூன்று திருப்பம் பாகையில்.

முக அளவை வைத்துத்தான் தூரத்தை ஊகிக்கிறது என்பதால் அந்த ஒரு எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இன்ச் டேப்பை எடுத்துக் கண்ணிலிருந்து திரைவரை அளந்து, அந்தத் தூரம் வரும்படி ஒரு பெருக்கல் எண்ணை வைத்துவிடுங்கள்.

வெளிச்சம் முக்கியம். இருட்டு அறையில் வெப்கேம் ஒவ்வொரு படத்தையும் நீண்ட நேரம் எடுக்கும், வினாடிக்கு 30 படம் என்பது 15 ஆகிவிடும். நீங்கள் நகர்ந்த பிறகு படம் பின்னாலேயே தள்ளாடி வரும், ஆழ உணர்வு அங்கேயே உடைந்துவிடும். கேமராவைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு டேபிள் லேம்ப்பை முகத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். மென்பொருளில் நடுக்கத்தைக் குறைக்கும் வடிகட்டியை (ஃபில்டர்) ரொம்ப வழவழப்பாக வைத்தாலும் இதே தாமதம்தான் வரும். கொஞ்சம் நடுக்கம் இருந்தாலும் பரவாயில்லை, தாமதம் கூடாது.

இன்ஃப்ராரெட் கிளிப் நாமே செய்யலாமா?

தாராளமாக. முகத்துக்குப் பதிலாக, தலையில் மாட்டிய மூன்று விளக்குப் புள்ளிகளைக் கேமரா பின்தொடர்வதற்கான கிளிப் இது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் ஒரு மாலை வேலை. மூன்று இன்ஃப்ராரெட் எல்இடிகளை வரிசையாக இணைத்து யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் கொடுக்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.35 வோல்ட் எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் 4 வோல்ட் போகும். மீதிக்கு 33 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 30 மில்லியாம்பியர் ஓடும், அது போதும். ஒரு கம்பியை வளைத்து, மேலே ஒன்று, நடுவில் சற்று வெளியே தள்ளி ஒன்று, கீழே ஒன்று என்று பொருத்தி ஹெட்போனின் பக்கவாட்டில் மாட்டுங்கள். எல்இடிகள் கேமராவைப் பார்க்க வேண்டும், உங்கள் கண்ணைப் பார்க்கக் கூடாது.

வெப்கேமுக்குள் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு இருக்கும். பழைய வெப்கேமாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, லென்ஸுக்கு முன்னால் பழைய கலர் ஃபிலிம் நெகட்டிவின் கறுப்பான முனையை வைத்தால் சாதாரண வெளிச்சம் போய் மூன்று புள்ளிகள் மட்டும் தெரியும். வீட்டில் நெகட்டிவ் இல்லையென்றால் பழைய ஸ்டுடியோக்காரர்களைக் கேளுங்கள். பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த ஐ கேமரா கிடைத்தால் விடாதீர்கள். 640க்கு 480 அளவில் வினாடிக்கு 60 படம் தரும், இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

மேற்கு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் சாயங்கால வெயில் கேமராவுக்குள் பெரிய வெள்ளைத் திட்டாக விழும், டிராக்கிங் தாறுமாறாகப் போகும். ஒரு திரைச்சீலை போதும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இணைப்புகளை வெறுமனே விட வேண்டாம், உப்புக் காற்றில் செம்பு பச்சையாகிவிடும். ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடிவிடுங்கள்.

எனக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. இதெல்லாம் எனக்குப் பயன்படுமா?

3டி கண்ணாடி பயன்படாது. ஹெட் டிராக்கிங் முழுமையாகப் பயன்படும், சொல்லப்போனால் இரண்டு கண்ணும் உள்ளவர்களைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஸ்டீரியோ இல்லாத டிராக்கிங் படத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தால், தலையசைவு 'ஆழம் இருக்கிறது' என்று சொல்லும், இரண்டு கண்ணும் சேர்ந்து 'இது தட்டை' என்று சொல்லும். ஒரு கண்ணை மூடியதும் அந்தச் சண்டை நின்றுவிடும். எங்களிடம் வருகிற எல்லாரையும் முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்கிறோம். திரையில் காட்டும் கட்டம் போட்ட பெட்டி சட்டென்று உள்ளே போய்விடுவதைப் பார்த்து அவர்கள் கையை நீட்டித் திரையைத் தொடுவார்கள்.

மாறுகண், சோம்பல் கண் உள்ளவர்களுக்கும் இதே பதில்தான். 3டி சினிமாவில் தனக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள். ஆழப்பார்வையைக் கண் மருத்துவமனைகளில் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். கடலூர் ரோட்டில் தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ, ஜிப்மர் மருத்துவமனைக்கோ போகும்போது கேட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்குச் சீக்கிரம் பார்த்துவிடுவது ரொம்ப முக்கியம்.

தியேட்டரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி கம்ப்யூட்டருக்கு ஆகுமா?

சாதாரண மானிட்டருக்கு ஆகாது. தியேட்டரில் இரண்டு கண்ணுக்கான படங்களும் வெவ்வேறு விதமாகப் போலரைஸ் ஆகி, அதாவது ஒளியின் அதிர்வு ஒரே திசையிலோ சுழன்றோ வரும்படி வடிகட்டப்பட்டு வருகின்றன, வெள்ளிப் பூச்சுள்ள திரை அதைக் கெடுக்காமல் திருப்பி அனுப்புகிறது. உங்கள் மானிட்டரிலோ முழுப்படமும் ஒரே விதமாகத்தான் வரும், பிரிக்க அங்கே எதுவுமில்லை.

கையில் இருப்பது எந்த வகை என்று தெரிய ஒரு நல்ல வழி உண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நில்லுங்கள், ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வில்லையே உங்களுக்குக் கறுப்பாகத் தெரிந்தால் அது வட்டப் போலராய்டு. மூடிய கண்ணின் வில்லை கறுப்பாகத் தெரிந்தால் அது நேர்கோட்டுப் போலராய்டு. முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது வட்டப் போலராய்டு ஒளியின் சுழற்சி தலைகீழாகிவிடுவதால்தான் உங்கள் கண்ணையே உங்களால் பார்க்க முடிவதில்லை. நேர்கோட்டு வகையைப் போட்டுத் தலையைச் சாய்த்தால் இரண்டு படமும் கலந்துவிடும். வட்ட வகையில் அந்தத் தொல்லை குறைவு, அதனால் டிராக்கிங்கோடு சேர்க்க அதுதான் பொருத்தம்.

பழைய 3டி டிவி ஒன்று சும்மா கிடக்கிறது. மானிட்டராகப் போடலாமா?

பாஸிவ் வகையாக இருந்தால் உடனே போடுங்கள். 2017 வாக்கில் பெரிய கம்பெனிகள் 3டி டிவியைக் கைவிட்டுவிட்டன, அதனால் பழையதுதான் கிடைக்கும். பாஸிவ் டிவியில் ஒரு வரி இடது கண்ணுக்கு, அடுத்த வரி வலது கண்ணுக்கு. 1080 வரியில் ஒரு கண்ணுக்கு 540தான் வரும், சின்ன எழுத்து படிக்க ஆகாது, வீட்டு மாடல் பார்க்கப் போதும். வட்டப் போலராய்டு தியேட்டர் கண்ணாடி பெரும்பாலும் இதற்கு ஒத்துவரும். கண் உயரத்துக்கு நேராக வைக்க வேண்டும். எட்ட உயரத்தில் சுவரில் மாட்டிய டிவியைக் கீழேயிருந்து பார்த்தால் வரிகள் இடம் மாறி, படம் இரட்டையாகத் தெரியும்.

ஷட்டர் கண்ணாடி போட்டால் அறையே நடுங்குகிறதே?

டியூப்லைட்டைப் பாருங்கள். ஷட்டர் கண்ணாடி என்பது இடது, வலது கண்களை மாறி மாறி மூடித் திறக்கும் வகை. சோக் வைத்த பழைய டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. 120 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு ஓடும் ஷட்டர் கண்ணாடி ஒவ்வொரு கண்ணையும் வினாடிக்கு 60 முறை திறக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வினாடிக்கு 20 முறை ஒரு துடிப்பு. தலைவலிக்கு இதுவே போதும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், விளக்கு 120 முறை, அது ஷட்டரோடு ஒத்துப்போகும். அதனால்தான் அங்கிருந்து வரும் விமர்சனங்களில் இந்தப் புகாரை அதிகம் பார்க்க முடியாது.

மானிட்டரை 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அப்போது ஒரு கண்ணின் முறை நூறில் ஒரு பங்கு வினாடி, விளக்கின் ஒரு முழுத்துடிப்பு அதற்குள் அடங்கிவிடும். இல்லையென்றால் சோக் டியூப்லைட்டை அணைத்துவிட்டு நல்ல எல்இடி பல்பு போடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று. என்விடியாவின் 3டி விஷன் என்ற ஷட்டர் கண்ணாடி செட் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று போன் செய்கிறார்கள். 2009-இல் வந்த அருமையான பொருள், ஆனால் 2019 ஏப்ரலோடு டிரைவர் ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கிராஃபிக்ஸ் கார்டும் பழைய டிரைவரும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. தவிர, ஷட்டர் கண்ணாடிக்கு சிக்னல் போவதும் இன்ஃப்ராரெட்டில்தான் என்பதால், விளக்கு அடிக்கும் டிராக்கர் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யலாம்.

சிவப்பு-நீலக் கண்ணாடி மட்டமானதா?

இல்லை. எந்த மானிட்டரிலும், எந்த புரொஜெக்டரிலும், அச்சடித்த தாளிலும் வேலை செய்வது அது ஒன்றுதான். நீலத்தைவிட சயான், அதாவது பச்சையும் நீலமும் கலந்த நிறம் இருக்கும் கண்ணாடியாக வாங்குங்கள். சிவப்பு இடது கண்ணுக்கு.

நிறம் தெரிந்து பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். பாண்டிச்சேரி வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்கள் இதில் அழகாக வரும். மஞ்சளில் சிவப்பும் பச்சையும் இருப்பதால் இரண்டு கண்ணுக்கும் வெளிச்சம் போகிறது. அதே தெருவில் நிற்கும் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி இடது கண்ணில் பளீரென்றும் வலது கண்ணில் கறுப்பாகவும் தெரியும். இரண்டும் சண்டை போட்டு, தொப்பி மினுமினுக்கும். அந்த மாதிரி இடங்களில் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கச் செய்யுங்கள், அல்லது எரிக் துபுவா என்ற ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுக் கொடுத்த கலவை முறையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது.

ஸ்டீரியோ படம் போனிலேயே எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒரு படம் எடுத்துவிட்டு, போனைத் திருப்பாமல் வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று. எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு: மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. இரண்டு மீட்டரில் திண்ணைத் தூண் இருந்தால் ஆறேழு சென்டிமீட்டர். பாண்டிச்சேரி கடற்கரை காந்தி சிலையைச் சுற்றியுள்ள கற்தூண்களை ஆறு மீட்டரில் இருந்து எடுத்தால் 20 சென்டிமீட்டர். தூண்கள் முன்னும் பின்னுமாக நிற்பதால் ஸ்டீரியோவுக்கு அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. விடியற்காலையில், கூட்டம் வருவதற்கு முன் போங்கள். கடல் பின்னணியில் வரக்கூடாது, இரண்டு படங்களுக்கு நடுவே அலை மாறிவிடுவதால் தண்ணீர் முழுக்கப் பொரிந்துகொண்டே இருக்கும்.

பிளெண்டரில் என்ன செட்டிங் வைப்பது?

3டி மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் ஸ்டீரியோஸ்கோபியை இயக்கியதும் கண் இடைவெளி 0.065 மீட்டர், குவியும் தூரம் 1.95 மீட்டர் என்று வரும். அந்த முப்பதில் ஒரு பங்குக் கணக்கேதான். முழு வீட்டை வெளியே 15 மீட்டரில் நின்று காட்டும்போது இரண்டையும் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கேமராவும் இணையாக நிற்கும் ஆஃப் ஆக்சிஸ் முறையை மாற்ற வேண்டாம். டோ-இன் முறையில் இரண்டு கேமராவும் உள்பக்கம் திரும்புவதால் படத்தின் மூலைகள் மேலும் கீழுமாக விலகும், கண்ணுக்கு அதைச் சேர்க்கவே வராது.

பார்த்தால் தலை வலிக்கிறதே?

கண் இரண்டு வேலை செய்கிறது. படம் தெளிவாகத் தெரிய லென்ஸ் திரைமீது குவிகிறது. ஆனால் பொருள் திரைக்கு முன்னாலோ பின்னாலோ இருப்பதாகக் காட்டுவதால் இரண்டு கண்ணும் அங்கே போய்ச் சேர்கின்றன. வழக்கமாகச் சேர்ந்தே நடக்கும் இந்த இரண்டும் பிரிவதுதான் களைப்புக்குக் காரணம். முக்கியமான பொருளைத் திரையின் தளத்திலேயே வைத்து, மற்றதைப் பின்னால் தள்ளுங்கள். மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும் வித்தைகளைக் குறையுங்கள்.

மானிட்டரில் நன்றாக இருந்த படம் புரொஜெக்டரில் கொன்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 53 சென்டிமீட்டர் திரையில் தூரத்து மரத்தின் இரண்டு பிம்பங்களுக்கு நடுவே 2 சென்டிமீட்டர் இருந்தது என்றால், 2.65 மீட்டர் சுவரில் அது 10 சென்டிமீட்டர். நம் கண்களுக்கு நடுவே இருப்பது ஆறரைகூட இல்லை. அந்த மரத்தைப் பார்க்க இரண்டு கண்ணும் வெளிப்பக்கம் விலக வேண்டும், அது நடக்காது. கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டுபவர்கள் இதைக் கண்டிப்பாக முன்கூட்டியே அளந்து பாருங்கள்.

ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஸ்டீரியோ வேண்டாம். நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற 3டி கேம் கருவி வந்தபோது அந்தக் கம்பெனியே இதைத்தான் சொன்னது.

கண்ணாடியே இல்லாத 3டி மானிட்டர் வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது, விலைதான் எட்டாது. 2020-இல் சோனி, பிறகு ஏசர், 2025-இல் சாம்சங் என்று வரிசையாகக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு கேமரா உங்கள் கண்களைத் தேடிக்கொண்டே இருக்கும். கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இடது படத்தை இடது கண்ணுக்கு அனுப்ப முடியும். 2011-இல் வந்த முதல் 3டிஎஸ்ஸில் தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் உடைந்தது. 2014-இல் வந்த நியூ 3டிஎஸ்ஸில் முகத்தைப் பின்தொடரும் கேமரா சேர்த்த பிறகுதான் அது நிலையாக நின்றது.

போனைச் சொருகும் அட்டைப்பெட்டி ஹெட்செட் போதாதா?

சுற்றிப் பார்க்கப் போதும். அது தலை திரும்புவதை மட்டும் அறியும், நகர்வதை அறியாது. குனிந்து ஒரு தூணின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க முடியாது.

வீட்டுக்காரரும் அம்மாவும் சேர்ந்து வந்து பார்க்கலாமா?

டிராக்கிங் ஒரு நேரத்தில் ஒரு தலைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுவரெல்லாம் கோணலாகத் தெரியும், 'என்ன சார், வீடு சாய்ந்திருக்கு?' என்று கவலைப்படுவார்கள். அதனால் இருவரும் சேர்ந்து பார்க்கும்போது டிராக்கிங்கை நிறுத்திவிட்டு, சிவப்பு-சயான் கண்ணாடியில் முழு வீட்டையும் காட்டுகிறோம். அதன் பிறகு ஒவ்வொருவராக டிராக்கிங்கில் உட்கார வைக்கிறோம். சமையலறையை அங்கே வேலை செய்யப்போகிறவர் பார்க்க வேண்டும், மேல் அலமாரி எட்டுமா, மேடையின் மூலை இடிக்குமா என்று அவருக்குத்தான் தெரியும். மாடிப்படியை வீட்டிலேயே உயரமான ஆள் பார்க்க வேண்டும். தலையைத் தாழ்த்தி, நிமிர்த்திப் பார்த்து, பீம் தலையில் இடிக்கும் என்று அவர்கள் சொன்னால் பிளானிலேயே மாற்றிவிடலாம். வரும்போது பவர் கண்ணாடி போடுபவர்கள் அதையும் எடுத்துவாருங்கள், 3டி கண்ணாடியை அதன் மேலேயே போட்டுக்கொள்ளலாம்.